இங்கிலாந்தில் பிறந்த மகள், இந்தியத் தாய், மலேசியத் தந்தை: எந்த நாட்டில் பதிவு செய்வது?

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவள். இந்தியக் குடியுரிமை உடையவள். என் கணவர் ஈப்போவில் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழர். நான்கு ஆண்டுகளுக்கு முன் திருச்செந்தூரில் எங்கள் திருமணம் நடந்தது. அதே மாதத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துகொண்டோம். இப்போது இருவரும் லீட்ஸ் நகரில் பணி விசாவில் இருக்கிறோம். எங்களுக்கு இங்கே நிரந்தர வசிப்புரிமை இல்லை. மூன்று வாரங்களுக்கு முன் மகள் பிறந்திருக்கிறாள்.

இங்கிலாந்தில் பிறப்பை 42 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அடுத்த வாரம் பதிவாளரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு கருத்தாக இருக்கிறது. ஊரில் உறவினர்கள், பிள்ளை லண்டன் நாட்டில் பிறந்ததால் அந்நாட்டுக் கடவுச்சீட்டு தானாகவே வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மாமியார், தந்தை மலேசியர் என்றால் பிள்ளையும் மலேசியர்தான், இதில் பேச என்ன இருக்கிறது என்கிறார். என் அப்பாவுக்கோ பேத்தி இந்தியக் குடிமகளாக இல்லாமல் போய்விடுவாளோ என்ற கவலை. எங்கள் ஆச்சியின் பெயரில் தாமிரபரணிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அது பிற்காலத்தில் என் மகளுக்கு வர முடியாமல் போகும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு நாட்டுக் குடியுரிமையையும் அவளுக்குப் பதினெட்டு வயது வரை வைத்திருக்க முடியுமா? முடியாது என்றால் எதை முதலில் எடுப்பது, எதை விட்டால் பிறகு திரும்பப் பெறவே முடியாது? இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

கிந்தா:

சகோதரி, முதலில் வாழ்த்துகள். நானும் பேராக் மாநிலத்துக்காரன்தான். என் மனைவி கோயம்புத்தூர். எங்கள் மகன் ஆறு ஆண்டுகளுக்கு முன் மான்செஸ்டரில் பிறந்தான். உங்கள் நிலையும் எங்கள் நிலையும் ஏறக்குறைய ஒன்று என்பதால் அனுபவத்தில் கண்டதை எழுதுகிறேன்.

உங்கள் மாமியார் சொல்வதில் சட்டப்படி உண்மை இருக்கிறது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, மலேசியாவில் பிறந்த மலேசியக் குடிமகன் ஒருவரின் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தாலும், பிறந்த கணத்திலேயே அதற்கு மலேசியக் குடியுரிமை உண்டு. ஆனால் உரிமை இருப்பது ஒன்று, அதைக் காட்டும் காகிதம் இருப்பது வேறொன்று. பிறந்த ஓராண்டுக்குள் லண்டனில் உள்ள மலேசியத் தூதரகத்தில் பதிவு செய்துவிடுங்கள். தாமதமானால் ஒவ்வொரு கேள்விக்கும் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். நாங்கள் பதினோராவது மாதத்தில் போய் நின்று பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம்.

இதில் மிக முக்கியமானது உங்கள் திருமணப் பதிவின் தேதி. அது பிறப்புக்கு முந்தையதாக இருப்பது உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. பெற்றோரின் திருமணம் பிள்ளை பிறந்த பிறகு பதிவாகியிருந்தால், மலேசிய அரசியலமைப்பு அந்தப் பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, தாயின் குடியுரிமையைத்தான் பார்க்கிறது. 2021 மே மாதம் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவானது. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பீன்ஸ் தாய்க்கும் பிலிப்பீன்ஸில் பிறந்த மகன். பெற்றோர் அவன் பிறந்த சில மாதங்களுக்குப் பிறகுதான் திருமணத்தைப் பதிவு செய்தார்கள். ஏழு நீதிபதிகளில் நால்வர் அவனுக்குக் குடியுரிமை இல்லை என்றும் மூவர் உண்டு என்றும் தீர்ப்பளித்தார்கள். ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் ஒரு பிள்ளையின் நாடு கைவிட்டுப் போனதை நான் இன்றும் மனம் பொறுக்காமல்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, பெயர். அடுத்த வாரம் பதிவாளர் முன் உட்காரும்போது குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். நம் வழக்கத்தில் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை; தந்தை பெயரைத்தான் எழுதுவோம். மலேசிய ஆவணத்தில் அதே பெயர் நடுவில் மகள் என்பதன் மலாய்ச் சுருக்கமான ஏ/பி சேர்ந்து வரும், இந்திய ஆவணத்தில் வேறு வரிசையில் வரும். மூன்று நாட்டுக் காகிதங்களிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கும்படி முதல் காகிதத்தையே அமைத்துவிட்டால் பிறகு நிம்மதி. கேட்கும்போது பெற்றோர் விவரம் அடங்கிய முழுப் பிறப்புச் சான்றிதழாகக் கேட்டு வாங்குங்கள். சுருக்கச் சான்றிதழைத் தூதரகங்கள் ஏற்பதில்லை.

சட்டப்பலகை:

நான் சென்னையில் வழக்கறிஞராக இருக்கிறேன். குடியுரிமை தொடர்பான மனுக்களைக் கவனிக்கிறேன். மூன்று நாடுகளின் சட்டம் ஒரே குழந்தையின்மேல் விழும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதே குழப்பத்தைத் தீர்க்கும் வழி.

பிரிட்டனைப் பொறுத்தவரை, பிறந்த மண்ணே குடியுரிமை தரும் என்ற நிலை 1983 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 1981-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பிறக்கும் நேரத்தில் தாய் அல்லது தந்தை பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருந்தால்தான் பிள்ளை பிரிட்டிஷ் குடிமகன். உங்கள் மகள் இன்று பிரிட்டிஷ் அல்ல. ஆனால் இரண்டு கதவுகள் திறந்தே இருக்கின்றன: அவள் பதினெட்டு வயதை எட்டுமுன் உங்களில் ஒருவர் நிரந்தர வசிப்புரிமை பெற்றால் அவளைப் பதிவு செய்யலாம், இல்லையேல், பிறந்தது முதல் பத்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, எந்த ஓராண்டிலும் 90 நாள்களுக்குமேல் வெளியே போகாமல் இருந்தால், பத்து வயது நிறைந்தபின் தன் உரிமையாகவே பதிவு பெறலாம். கட்டணமும் கணிசமானது. நிரந்தர வசிப்புரிமைக்கான ஐந்தாண்டுக் கணக்கைப் பத்தாண்டாக உயர்த்தும் முன்மொழிவு பிரிட்டிஷ் அரசின் 2025 மே மாதத்து வெள்ளை அறிக்கையில் வந்தது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறைக்குப் பிள்ளையை ஊரில் விட்டுவைக்கும் பழக்கமுள்ள குடும்பங்கள் அந்த 90 நாள் கணக்கைத் தவற விடுவதுண்டு. ஒவ்வொரு பயணத்தின் தேதியையும் எழுதி வையுங்கள்.

இந்தியாவைப் பொறுத்தவரை, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளைப் பற்றியது. 1992 டிசம்பர் 10-க்கு முன்பு பிறந்தவர்களுக்குத் தந்தை இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. அந்தத் தேதியிலிருந்து தாயோ தந்தையோ யாராவது ஒருவர் போதும். ஆகவே உங்கள் வழியாக உங்கள் மகளுக்கு இந்தியக் குடியுரிமை வரலாம். ஆனால் 2004 டிசம்பர் 3 முதல் அது தானாக வருவதில்லை. பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும்; ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதியோடுதான் பதிவு. அந்தப் பதிவின்போது, குழந்தையிடம் வேறு எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை என்று பெற்றோர் எழுத்துமூலம் உறுதி அளிக்க வேண்டும்.

அந்த உறுதிமொழியில்தான் உங்கள் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. பிறப்பால் மலேசியக் குடியுரிமை இருப்பதற்காக மட்டும் இந்தியப் பதிவு மறுக்கப்படாது; மலேசியக் கடவுச்சீட்டு கையில் இருந்தால் மறுக்கப்படும். இந்தியப் பதிவைப் பெற்று இரண்டும் இருக்கும் நிலையில் வளரும் பிள்ளை, பதினெட்டு வயது நிறைந்த ஆறு மாதங்களுக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துபோகும். மறுபக்கம், மலேசிய அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு, பிற நாட்டுக் குடிமக்களுக்கே உரிய உரிமைகளைப் பயன்படுத்துகிறவரின் குடியுரிமையைப் பறிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே இரண்டு கடவுச்சீட்டுகளை ஒரே நேரத்தில் வைத்திருப்பது என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். சிலர் ஒன்றை மறைத்து மற்றொன்றை எடுக்கிறார்கள். பொய்யான உறுதிமொழியின் சுமையைப் பெற்றோர் செய்த தவறுக்காகப் பிள்ளை இருபது வயதில் சுமப்பதை நான் கண்டிருக்கிறேன்.

கிராய்டன்வாசி:

எல்லோரும் ஒரு வழியை விட்டுவிட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். எங்கள் மகன் இங்கே பிறந்தபோது நாங்கள் இந்தியத் தூதரகத்தில் பதிவே செய்யவில்லை. நாங்கள் இருவரும் இந்தியர்கள். பதிவு செய்யாத பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. பிரிட்டிஷ் குடியுரிமையும் இல்லை. எனவே அவன் நாடற்றவன். இங்கே பிறந்து ஐந்து ஆண்டுகள் வாழ்ந்த நாடற்ற பிள்ளையைப் பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிவு செய்ய 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம் இருக்கிறது. 2017-இல் லண்டன் உயர் நீதிமன்றமும் இதே நிலையில் இருந்த ஒரு பிள்ளையின் வழக்கில், பதிவு செய்யாத பிள்ளை நாடற்றதுதான் என்று ஏற்றுக்கொண்டது. எங்கள் மகன் 2019-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றான். பத்து ஆண்டு காத்திருப்பதைவிட இது மேல் அல்லவா? சகோதரி அவசரப்பட்டு எங்கும் பதிவு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

சட்டப்பலகை:

ஐயா, உங்கள் மகனுக்கு அது கைகூடியதில் மகிழ்ச்சி. 2017 தீர்ப்பைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரியே. ஆனால் இந்த ஆலோசனையை இன்று ஒரு புதிய தாயிடம் சொல்வதை நான் முழு மனத்தோடு எதிர்க்கிறேன்.

சட்டம் அதே இடத்தில் நிற்கவில்லை. 2022-ஆம் ஆண்டின் குடியுரிமை மற்றும் எல்லைகள் சட்டம், ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் புதிய நிபந்தனை ஒன்றைச் சேர்த்தது. பிள்ளையால் பெற்றோரின் நாட்டுக் குடியுரிமையை நியாயமான முறையில் பெற முடியாது என்றால்தான் இப்போது இந்த வழி திறக்கும். தூதரகத்துக்குப் போய்ப் பதிவு செய்யும் வாய்ப்பு கையிலிருந்தும் போகாதவர்களுக்கு எதிராகவே அந்தத் திருத்தம் எழுதப்பட்டது. 2019-இல் கிடைத்த விடையை இன்றைய மனுவுக்குப் பொருத்த முடியாது.

இந்தக் குழந்தைக்கு அந்த வழி தொடக்கத்திலிருந்தே பொருந்தவும் செய்யாது. இந்தியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைக்குப் பதிவு இல்லாவிட்டால் இந்தியக் குடியுரிமை இல்லை என்பது உண்மை. ஆனால் தந்தை மலேசியாவில் பிறந்த மலேசியர். திருமணம் பிறப்புக்கு முன்பே பதிவானது. பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் மகள் பிறந்த கணத்திலிருந்து மலேசியக் குடிமகள். அவளை நாடற்றவள் என்று எந்த அலுவலகமும் ஏற்காது. பதிவு செய்யாமல் விட்டால் அவளுக்கு எந்த நாட்டின் காகிதமும் இல்லாமல்தான் போகும். அதனால் புதிதாக எந்தக் குடியுரிமையும் கிடைத்துவிடாது.

ஐந்து ஆண்டுகள் கடவுச்சீட்டு இல்லாத பிள்ளை என்றால் என்ன என்பதையும் யோசித்துப் பாருங்கள். தாத்தா பாட்டிக்கு ஒன்று ஆகிவிட்டால் புறப்பட முடியாது. பெற்றோரில் ஒருவருக்கு வேலை போய் விசா முடிந்தால் நாட்டைவிட்டு வெளியேறும் வழியும் தெரியாது. அந்த ஐந்து ஆண்டுகளில் குடும்பத்துக்கு எதுவும் நேராது என்று யார் உறுதி தர முடியும்?

கிராய்டன்வாசி:

2022 மாற்றம் எனக்குத் தெரியாது. என் மாமனார் இறந்தபோது மனைவி தனியாகத்தான் போய் வந்தாள். மகனை அழைத்துப் போக வழியில்லை. அது இன்றைக்கும் அவளுக்கு ஆறாத வருத்தம். என் பதிவைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

கெடா தாய்:

இந்த இழையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சகோதரியின் நிலைக்கு நேர் எதிர் நிலை என்னுடையது. நான் சுங்கைப்பட்டாணியில் பிறந்த மலேசியர். என் கணவர் இந்தியர். எங்கள் மகள் 2016-இல் சென்னையில் பிறந்தாள். தாய் மலேசியராக இருந்தும், வெளிநாட்டில் பிறந்த என் மகளுக்கு என் குடியுரிமை வரவில்லை. அதே ஆண்டில் என் தம்பிக்கு வேறொரு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு, அவன் ஆண் என்பதால், சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. அரசியலமைப்பில் தந்தை என்று எழுதியிருந்த ஒரு சொல்தான் எங்கள் இருவருக்கும் இடையில் நின்றது.

இந்தியாவில் பிறந்ததாலும், தந்தை இந்தியர் என்பதாலும், நான் முறையான விசாவோடு அங்கே இருந்ததாலும் மகள் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். அதனால் அவள் நாடற்றவள் ஆகவில்லை. அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் நாங்கள் மலேசியாவுக்குத் திரும்பி வந்தபோது அவள் தன் தாயின் நாட்டில் வெளிநாட்டுப் பிள்ளை. ஆண்டுதோறும் அவளுடைய அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். பள்ளியில் சேர்ப்பதற்கு மற்ற தாய்மார்கள் காட்டாத காகிதங்களை நான் காட்ட வேண்டும். மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம். அவளைக் குடிமகளாகப் பதிவு செய்யக் கேட்டு, மலேசிய அரசியலமைப்பின் 15(2) பிரிவின்கீழ் நான் கொடுத்த மனு ஆண்டுக்கணக்கில் கிடந்தது. விசாரிக்கப் போகும்போதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான் வந்தது.

என்னைப் போன்ற தாய்மார்கள் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2021 செப்டம்பர் 9 அன்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் எங்கள் பக்கம் தீர்ப்பு சொன்னபோது நான் சமையலறையில் நின்று அழுதேன். 2022 ஆகஸ்ட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. பிறகு 2024 அக்டோபர் 17 அன்று மக்களவையில் அரசியலமைப்புத் திருத்தம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட ஆதரவோடு நிறைவேறியது. தந்தை என்றிருந்த இடத்தில் பெற்றோரில் ஒருவர் என்ற பொருள் வந்தது. டிசம்பரில் மேலவையும் ஏற்றது.

எல்லோரும் எனக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினார்கள். ஆனால் அந்தத் திருத்தம் பின்னோக்கிச் செல்லாது. நடைமுறைக்கு வரும் நாளுக்குப் பின் பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான் அது. என் மகளுக்கு இன்றும் பழைய மனு வழிதான். அதோடு, மனு செய்யும் வயது வரம்பை 21-இலிருந்து 18-ஆகவும் அதே திருத்தம் குறைத்துவிட்டது. முன்பு இருந்ததைவிட எங்களுக்கு மூன்று ஆண்டுகள் குறைவு.

சகோதரி, உங்கள் மகளுக்குத் தந்தை வழியாக எளிதாகக் கிடைப்பதை எளிது என்பதற்காகவே அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கம் நின்று பார்க்கிறவளுக்குத்தான் அதன் மதிப்பு தெரியும்.

மண்டபத்திலிருந்து:

கெடா தாய் எழுதியதைப் படித்தபின் நானும் எழுதுகிறேன். இது கேள்வி கேட்டவரின் நிலை அல்ல என்றாலும், பெற்றோர் இரு நாட்டவராக இருக்கும்போது தேதி ஒன்று எப்படிப் பிள்ளைகளைப் பிரிக்கிறது என்பதற்கு எங்கள் வீடே சான்று.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1990-இல் படகில் மண்டபம் வந்தவன். இன்னும் அகதிகள் முகாம் பதிவில்தான் இருக்கிறேன். என் மனைவி இராமநாதபுரத்துக்காரர், இந்தியக் குடிமகள். எங்கள் மூத்த மகன் 2003-இல் பிறந்தான். இளையவள் 2007-இல் பிறந்தாள். இருவரும் ஒரே அரசு மருத்துவமனையில் பிறந்தவர்கள். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும் என்பதால் மூத்தவன் இந்தியக் குடிமகன். வாக்காளர் அட்டை வைத்திருக்கிறான். 2004 டிசம்பர் 3 முதல் ஒரு பெற்றோர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. கடவுச்சீட்டு இல்லாமல் உயிர் தப்பி வந்த நான் சட்டத்தின் கண்ணில் அந்த வகைக்குள் வருகிறேன். அதனால் இந்தியத் தாயின் வயிற்றில் இந்திய மண்ணில் பிறந்த என் மகள் இந்தியக் குடிமகள் அல்ல.

இலங்கைச் சட்டம் இதில் ஓரளவு கைகொடுத்தது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியாகப் பதிவின்மூலம் குடியுரிமை உண்டு. 2003-இல் வந்த திருத்தத்துக்குப் பின் தாய் வழியாகவும் உண்டு. ஓராண்டுக்குள் பதிவு என்பதுதான் அங்கேயும் விதி. தாமதமானால் காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் மகளின் பிறப்பைப் பதிவு செய்தோம். அவள் கண்ணால் பார்த்திராத ஒரு நாட்டின் குடிமகள். ஆனாலும் ஒரு நாட்டின் பெயர் அவளுக்கு இருக்கிறது. பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

அண்ணனும் தங்கையும் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டபோது குடியுரிமை என்ற கட்டத்தில் வெவ்வேறு நாட்டை எழுதினார்கள். அன்று என் மகள் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கெடா அக்காவின் பதிவையும் மண்டபத்து அண்ணனின் பதிவையும் என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் இருவரும் பேசவில்லை.

வழக்கறிஞர் ஐயாவிடம் இன்னும் சில ஐயங்கள். மலேசியக் கடவுச்சீட்டை எடுத்தால் அவள் இந்தியாவில் எந்த நிலையில் இருப்பாள்? ஆச்சியின் நிலம் பற்றி அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவள் பிற்காலத்தில் தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்க விரும்பினால் என்ன ஆகும்? இவ்வளவு முன்கூட்டி யோசிப்பது அதிகம் என்று தோன்றலாம். ஆனால் இன்று நான் போடும் கையெழுத்து அவளுடையது போலவே நிற்கப் போகிறது என்பதால் கேட்கிறேன்.

சட்டப்பலகை:

அம்மா, நீங்கள் யோசிப்பது அதிகம் அல்ல.

தாய் இந்தியக் குடிமகளாக இருந்தால், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் குழந்தைக்கு வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓசிஐ அட்டை, கிடைக்கும். பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் அது குடியுரிமை அல்ல; வாழ்நாள் முழுவதும் இந்தியாவுக்கு வந்துபோகவும் தங்கவும் படிக்கவும் வேலை செய்யவும் தரப்படும் உரிமை. வாக்குரிமை இல்லை, அரசியலமைப்புப் பதவிகள் இல்லை, பொதுவாக அரசு வேலையும் இல்லை. பெற்றோரோ தாத்தா பாட்டியோ அவர்களுக்கு முந்தைய தலைமுறையோ பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களாக இருந்தால் இந்த அட்டை கிடைக்காது; மலேசியாவுக்கும் இலங்கைக்கும் அந்தத் தடை இல்லை. திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்துவிட்டதால் உங்கள் கணவரும் உங்கள் வழியாக இந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

நிலத்தைப் பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள்: ஓசிஐ அட்டை உடையவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கத்தான் முடியாது. இந்தியாவில் வசிப்பவரிடமிருந்து வாரிசுரிமையாக வருவதைப் பெற்றுக்கொள்ளலாம். ஆச்சியின் நஞ்சை உங்கள் அப்பாவுக்கோ உங்களுக்கோ வந்து, பிறகு உரிய முறையில் உங்கள் மகளுக்கு வருவதற்கு மலேசியக் கடவுச்சீட்டு தடையாகாது. ஆனால் தானமாக எழுதிக் கொடுப்பது வேறு. விவசாய நிலத்தைத் தானப் பத்திரத்தின் மூலம் அவளுக்குக் கொடுக்க முடியாது. உயில் எழுதும்போது வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி எழுதச் சொல்லுங்கள்.

மருத்துவப் படிப்பில்தான் உண்மையான இழப்பு இருக்கிறது. 2021 மார்ச் 4 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளில் ஓசிஐ அட்டை உடையவர்கள் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களுக்கும் அதுபோன்ற கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே போட்டியிடலாம்; இந்தியக் குடிமக்களுக்கே உரிய இடங்களுக்கு அல்ல. 2023-இல் உச்ச நீதிமன்றம், அந்த அறிவிக்கைக்கு முன்பே அட்டை பெற்றிருந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று காப்பாற்றியது. உங்கள் மகள் அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவள்.

இப்போது இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுப் பாருங்கள். மலேசியக் கடவுச்சீட்டை எடுத்தால் இந்தியா ஓசிஐ அட்டை என்ற ஒரு திண்ணையையாவது தருகிறது. இந்தியக் கடவுச்சீட்டை எடுத்தால் மலேசியா அதற்கு ஈடாக எதையும் தருவதில்லை. கெடா தாயின் மகளைப் போல ஒவ்வோர் ஆண்டும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதுதான். நீங்கள் என் கட்சிக்காரராக வந்திருந்தால், இந்தியாவிலேயே நிரந்தரமாகத் திரும்பி வாழும் உறுதியான திட்டம் இருந்தாலன்றி, மலேசியப் பதிவையும் பின்னர் ஓசிஐ அட்டையையும்தான் பரிந்துரைத்திருப்பேன். பத்தாண்டு கழித்து அவள் பிரிட்டிஷ் குடியுரிமைக்குத் தகுதி பெற்றாலும் ஓசிஐ நிலை தொடரும். ஆனால் அந்தப் பதிவு மலேசியக் குடியுரிமையை ஆபத்தில் தள்ளும். அந்த முடிவை அவள் வயதுக்கு வந்தபின் அவளிடமே விடலாம்.

கிந்தா:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மலேசியக் கடவுச்சீட்டு வந்தவுடன் அதில் இங்கிலாந்து விசாவுக்கும் விண்ணப்பிக்க மறக்காதீர்கள். இங்கே பிறந்த பிள்ளை இங்கே இருப்பது குற்றம் ஆகாது. ஆனால் ஒருமுறை வெளியே போய்விட்டுத் திரும்பி வரும்போது உங்களைச் சார்ந்தவர் என்ற விசா இல்லாவிட்டால் விமான நிலையத்தில் சிக்கல். நாங்கள் முதல் தைப்பூசத்துக்கு ஊர் போகும் அவசரத்தில் அதை ஏறக்குறைய மறந்தே போனோம்.

பொருநைக்கரை:

பத்து வாரம் கழித்து இந்த இழையை மீண்டும் திறக்கிறேன்.

பதிவாளரிடம் முழுச் சான்றிதழ் வாங்கினோம். குடும்பப்பெயர்க் கட்டத்தில் என் கணவரின் பெயரை, அவருடைய கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துகளில் எழுதச் சொன்னோம். போன வாரம் மூவரும் லண்டனுக்கு ரயிலில் போய் மலேசியத் தூதரகத்தில் பதிவுக்கான காகிதங்களைக் கொடுத்துவிட்டு வந்தோம். திருச்செந்தூர்த் திருமணப் பதிவின் தேதியை அங்கே இருந்த அலுவலர் இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டார். கிந்தா அண்ணன் எழுதியது அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

இந்தியப் பதிவு செய்யப் போவதில்லை. அதைச் சொல்ல அப்பாவை அழைத்தபோது கை நடுங்கியது. அவர் உயில் பற்றிய விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, வயலில் நடவு முடிந்துவிட்டது, அறுவடைக்குள் பேத்தியை அழைத்து வர முடியுமா என்று மட்டும் கேட்டார். கடவுச்சீட்டும் விசாவும் வந்தபின் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வருமுன் அறுவடை வந்துவிடும் என்று தோன்றுகிறது. ஆகவே முதல் பயணத்துக்கு அவளுக்குச் சாதாரணச் சுற்றுலா விசா எடுக்கப் போகிறோம். சுற்றுலா விசாவில் ஒருமுறை வந்துபோவதால் பின்னர் ஓசிஐ விண்ணப்பத்துக்கு ஏதாவது இடையூறு வருமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டப்பலகை:

வராது. தாராளமாக அழைத்துப் போங்கள். உங்கள் இந்தியக் கடவுச்சீட்டின் நகலையும் மகளின் முழுப் பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.